தன்யா ஏதாவது சொன்னாளா?

முழங்கால் இடிக்கிறதா சார்? கொஞ்சம் சாய்ந்து உட்காருங்க. அந்தப் பலகையைக் கழற்றிப் போடச் சொல்லி ஏறுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கழற்ற மாட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்காருவதற்காக ஆசாரியைக் கூட்டிவந்து அடித்தது. என் முதுகை ஒட்டி, பின்சீட்டைப் பார்த்தபடி. இப்போது பிள்ளைகள் ஏறுவதில்லை. பலகை இருந்துவிட்டுப் போகட்டும்.

கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது. கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பது நான்தான். அதைத் தொடாதீங்க.

ரயில்வே கேட் இப்போதைக்குத் திறக்காது. கூட்ஸ் போகணும், அதற்குப் பிறகு மதுரைப் பக்கமிருந்து ஒன்று வரணும். என்ஜினை அணைத்துவிடுகிறேன். நீங்க வரும்போதே சொன்னீங்களே, மாற்றலாகி வந்திருக்கிறோம், மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கணும், புது ஊர், யாரோடும் ஒட்டமாட்டாள், மற்ற பிள்ளைகள் ஏதாவது சொன்னால் சுருண்டுபோவாள் என்று. ஒன்றும் பயப்படாதீங்க. என் ஆட்டோவில் விடுங்க. எந்தப் பிள்ளை வாயைத் திறந்தாலும் ஒரே நாளில் அடக்கிக் காட்டுகிறேன். சும்மா சொல்லவில்லை. அடக்கிக் காட்டியவன் நான். கேட்டுவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

டீ வேணுமா? அதோ, கேட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. நல்ல டீதான் என்கிறார்கள். நான் குடித்ததில்லை. அந்தக் கடைக்காரன் பேர் சங்கரபாண்டி. மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன்.

என் அப்பா கருவாடு விற்றவர். சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். வீடு முழுக்கச் சாக்கு. சட்டையில் அந்த வாடை இருக்கத்தான் செய்யும். ஒருநாள் பின்னால் இருந்த ஒருவன் மூக்கைப் பொத்தினான். அவனைப் பார்த்து இன்னொருவன். அப்புறம் வகுப்பே பொத்தியது. வாத்தியார் சிரித்தார். அதுகூடப் பரவாயில்லை. சங்கரபாண்டி தன் சிலேட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வேறு இடத்துக்குப் போனான். மூக்கைப் பொத்தினவர்கள் பேரெல்லாம் எனக்கு மறந்து போச்சு சார். எழுந்து போனவன் பேர் மறக்கவில்லை. அன்றைக்கு அவனுக்குக் காய் விட்டேன். இன்றைக்கும் காய்தான். படிப்பும் அதோடு சரி.

சிரிக்கிறீங்க. உங்க ஊரிலும் உண்டுதானே? எங்கள் பக்கம் சுண்டுவிரலை நீட்டினால் காய். பேச்சு கிடையாது. ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினால் பழம். எதிரில் இருக்கிறவன் தன் ரெண்டு விரலால் அதைத் தொட்டால்தான் பழம் செல்லும். ஆனால் காய் விட்டவர்கள் நேராகப் பேசக் கூடாது. நடுவில் ஒரு ஆள் வேணும். ‘அவன்கிட்டப் போய்ச் சொல்லு, நான் பழம்’ என்று அனுப்பணும். நடு ஆள் போய்ச் சொல்லணும். அவன் சொன்னால்தான் உண்டு. யார் போட்ட சட்டமோ தெரியாது. ஆட்டோவில் ஏறிய பிள்ளைகள் அத்தனையும் அப்படியேதான் செய்தன. சங்கரபாண்டியும் ஆள் அனுப்பிப் பார்த்தான். என் கல்யாணத்துக்கு ஒருத்தர் வந்தார். அவன் மகள் கல்யாணத்துக்கு ஒருத்தர் வந்தார். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைகள் பண்ணுகிற கொடுமை என்னவென்று எனக்குத் தெரிந்த அளவுக்கு எந்த மிஸ்ஸுக்கும் தெரியாது.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் ஒரு பிள்ளை புதிதாக ஏறியது. பேர் இசக்கியம்மாள். ரொம்ப வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, இசக்கியம்மனுக்கு நேர்ந்து பிறந்தது. அம்மா மாரிக்கனி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை. அப்பன் வெளியூரில் போர்வெல் லாரியில். வயிற்றைக் கட்டி பைபாஸ் பக்கத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின ரெண்டு சடை. ஏறும்போது “குட்மார்னிங் தாத்தா” என்றது. மற்றதெல்லாம் என்னை “ஆட்டோ, ஆட்டோ” என்றுதான் கூப்பிடும்.

வண்டியில் இருந்ததுகள் பேர் எல்லாம் ஸ்ரீயும் ஷாவும். அதில் தன்யஸ்ரீ என்று ஒன்று. பாத்திரக்கடைக்காரர் மகள். அதுவும் ஒன்றாம் வகுப்புதான், ஆனால் வாய் மூணு முழம். முதல் நாளே கேட்டது, “உன் பேர் என்ன? இசக்கியா? ஐயோ, அது பேய் பேர்.” எங்கள் பக்கம் இசக்கி என்றால் சாமி சார். கோபக்காரச் சாமி. டவுன் பிள்ளைகளுக்கு யாரோ பேய் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பலகையில் அவள் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. பின்சீட்டில் மடிமேல் மடியாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. அவள் பையைக் கட்டிக்கொண்டு தனியாக இருந்தாள். என் முதுகும் அவள் முதுகும் ஒட்டித்தான் இருக்கும். அழுதால் எனக்குத் தெரியும். சத்தம் வராது. முதுகு மட்டும் தெரியும்.

நான் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் சாயந்திரம் ஒன்றாம் வகுப்பு ஜெபக்கனி மிஸ் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது. சின்ன வயசுப் பிள்ளை, போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தது. “அண்ணாச்சி, ஒரு உதவி. இசக்கியையும் தன்யாவையும் பலகையில சேத்து உக்கார வைங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம், திட்டவும் வேண்டாம். வகுப்புல செடிக்குத் தண்ணி ஊத்துற வேலையை ரெண்டு பேருக்கும் கொடுத்திருக்கேன். வாளியை ஒருத்தியால தூக்க முடியாது. சேந்துதான் தூக்கணும். தூக்கித் தூக்கிப் பேச்சு வந்துரும். தன்யா கெட்ட பிள்ளை இல்ல அண்ணாச்சி, பயந்த பிள்ளை.”

பயந்த பிள்ளையாம். மூக்கைப் பொத்தினவனெல்லாம் பயந்தவனா? சரி மிஸ் என்று தலையை ஆட்டினேன். நேற்றுப் பிறந்த பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

அன்றைக்கே, பைபாஸ் தாண்டி ஒரு புளியமரம் இருக்கிறது சார், அதன் அடியில் வண்டியை நிறுத்தினேன். மழை மூட்டம். சாயந்திரமே இருட்டிக்கொண்டு வந்தது. தலையை மட்டும் திருப்பிச் சொன்னேன்: “இவ பேர் யார் பேர்னு தெரியுமா? இசக்கி அம்மன் பேரு. இவள அந்த அம்மன்தான் கொடுத்துச்சு. இவள அழவச்சா அவளுக்குத் தெரிஞ்சுரும். இவள எவளாவது தள்ளுனா, தொட்டா, கிள்ளுனா, காய்ச்சல் வரும். எலும்புக்குள்ள குளிர் ஏறும். வேணும்னா தொட்டுப் பாருங்க.”

புளியமரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தன்யஸ்ரீ முகம் வெளுத்துப்போச்சு. இசக்கியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் முதுகில் ஒட்டியிருந்த அவள் முதுகு அப்படியே நின்றுபோனது. மூச்சு விடவில்லை. பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது சார். பேய் கிடையாது, சிரிப்பு கிடையாது. அவள் ஏறினால் மற்றதெல்லாம் காலை ஒடுக்கிக்கொள்ளும். ராணி மாதிரி பலகை முழுக்க அவளுக்கு. வாளியைக்கூட அவளோடு தூக்க மாட்டேன் என்று தன்யஸ்ரீ அழுததாம். மிஸ் வந்து, “அண்ணாச்சி, பிள்ளைகள்ட்ட எதுவும் சொன்னீங்களா?” என்று கேட்டது. “நான் என்னத்த சொல்லப் போறேன்” என்றேன்.

இந்த இடத்தில்தான் பாருங்க, ஐப்பசி பிறந்தது. ஊரெல்லாம் தண்ணீர் தேங்கி, ஊரெல்லாம் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் தரையில் படுக்க இடமில்லை. தன்யஸ்ரீக்கும் வந்தது. நான் ஒன்றும் பண்ணவில்லை. மழைக்காலம். ஆனால் ஆட்டோவில் அந்தப் பிள்ளை இடம் காலியாக இருந்தபோது, மற்றதெல்லாம் இசக்கியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைக் கண்ணாடியில் நான் பார்த்தேன். அதுகளில் ஒன்று கேட்டது, “தாத்தா, தன்யா செத்துப்போவாளா?” அதுவரைக்கும் ஆட்டோ என்று கூப்பிட்டது அன்றைக்குத் தாத்தா என்றது. “அழவச்சா அப்படித்தான்” என்றேன்.

போய் டீ வாங்கிக் குடியுங்க சார். கூட்ஸ் இன்னும் வரவில்லை. தொண்டை காய்ந்திருக்கும், கேட்கிறவருக்கும் காயும். நான் இங்கேயே இருக்கிறேன்.

ரெண்டு கிளாஸ் எதற்கு சார்? நான்தான் வேண்டாம் என்றேனே. ஓ, அவன் கொடுத்தானா. வண்டியைப் பார்த்திருப்பான். உங்களிடம் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறான், உங்க முகத்தில் தெரிகிறது. வாயைத் திறக்காதீங்க. இப்போது வேண்டாம். கிளாஸை அந்தப் பலகையில் வைங்க. ஆறட்டும்.

எங்கே விட்டேன்? தன்யஸ்ரீ பிழைத்து வந்தது. பாதி ஆளாக வந்தது. முடியெல்லாம் கொட்டிப்போய். காலையில் அதைத்தான் முதலில் ஏற்றுவேன், இசக்கி ரெண்டு தெரு தள்ளி. ஏறினதும் என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு காதில் சொன்னது, “தாத்தா, இசக்கிகிட்ட நான் பழம்னு சொல்லுங்க. பேய்னு சொன்னதுக்கு சாரின்னும் சொல்லுங்க. நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்பவே நினைச்சேன்.” விரல் ரெண்டையும் சேர்த்துக் காட்டியது.

நடு ஆள் நான்தான். வேறு யாரையும் அது நம்பவில்லை.

இசக்கி ஏறினாள். பலகையில் உட்கார்ந்தாள். வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் தன்யஸ்ரீ தெரிந்தது. பையை மடியில் வைத்து, பைக்கு மேலே அந்த ரெண்டு விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இசக்கி கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் தலையைத் திருப்பி, “தாத்தா, தன்யா ஏதாவது சொன்னாளா?” என்றாள்.

“ஒண்ணும் சொல்லல” என்றேன்.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீங்க? எடுத்த எடுப்பில் சொல்லிவிடலாமா? ரெண்டு நாள் அலையட்டும். அழவைத்தவள் கொஞ்சம் அழுது பார்க்கட்டும், அப்போதுதான் அருமை தெரியும். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். பள்ளிக்கூடம் வரைக்கும் அந்த விரலை மடக்கவில்லை அந்தப் பிள்ளை. மேடு பள்ளத்தில் வண்டி குதிக்கிறது, கை ஆடுகிறது, விரல் மட்டும் அப்படியே. இசக்கி தன் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோச்சு. இவள் என் ஜாதிப் பிள்ளை, மானஸ்தி, லேசில் இறங்கமாட்டாள் என்று.

பள்ளிக்கூட வாசலில் எல்லாப் பிள்ளைகளையும் நான்தான் கையைப் பிடித்துத் தூக்கி இறக்குவேன். சகதியாக இருந்தது. மற்றதை இறக்கிவிட்டு இவளுக்குக் கையை நீட்டினேன். பின்னால் ஒதுங்கினாள்.

“வேண்டாம் தாத்தா. உங்களுக்குக் காய்ச்சல் வரும்.”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. “எனக்கா? என்னை உங்க அம்மன் ஒண்ணும் பண்ணாது தாயி” என்று எட்டிப் பிடித்துத் தூக்கினேன். அலறினாள் சார். இத்தனை நாளும் சத்தமில்லாமல் அழுத பிள்ளை. தெருவே திரும்பிப் பார்த்தது. விட்டதும் சகதியில் விழுந்து எழுந்து ஓடினாள். கையை வயிற்றோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

அன்றைக்குச் சாயந்திரம் எனக்குக் குளிர் எடுத்தது.

மழைக்காலம் சார். ஊருக்கே காய்ச்சல். நான் மழையில் நனைகிறவன். டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் எலும்புக்குள் ஏறினது சார். புளியமரத்தடியில் நான் சொன்னேனே, அதே மாதிரி. என் வாயிலிருந்து வந்த வார்த்தை, நான் கட்டினது. படுத்துக் கிடக்கும்போது முதுகில் ஒரு சின்ன முதுகு ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கும். மூச்சு விடாமல். திரும்பிப் படுத்தால் சுவர். என் வீட்டுக்காரி இசக்கியம்மன் கோவிலுக்குப் போய்த் திருநீறு வாங்கிவந்து பூசினாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை.

வண்டி வரவில்லை என்றதும் மற்ற பிள்ளைகள் பேசிக்கொண்டதுகளாம், இசக்கி தாத்தாவைத் தொட்டுவிட்டாள் என்று. அது அவள் காதுக்கும் போய்விட்டது.

எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்த அன்றைக்கு மாரிக்கனி வந்தாள். கையில் குழந்தை. இசக்கிக்கு அடுத்து, அந்தச் சமயத்தில்தான் பிறந்த ஆண் பிள்ளை. அத்தனை பேர் முன்னால் நின்று கேட்டாள். “வெள்ளைச்சாமி பெரியவரே, எம்பிள்ளைகிட்ட என்ன சொன்னீரு? தம்பி பொறக்கணும் பொறக்கணும்னு கிடந்தவ, அவன் தொட்டில் பக்கம் போக மாட்டேங்கா. நான் தொட்டா அவன் செத்துருவான்னு சொல்லுதா. நான் சாப்பாடு ஊட்டப் போனா வாயை மூடிக்கிடுதா. தன்யாவுக்குக் காய்ச்சல் கொடுத்தது நான்தான்ம்மா, என்னைய எங்கயாச்சும் விட்டுருன்னு அழுதா. ஆறு வயசுப் பிள்ளை சொல்லுற பேச்சா இது?”

நான் சொன்னேன், “உன் பிள்ளைய எவளும் பேய்னு சொல்லாம வச்சிருந்தேன் தாயி, அதுக்கு இந்தப் பேச்சா?” அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒருநாளும் நான் பழம் விடமாட்டேன். நன்றி இல்லாத பார்வை. ஒருத்தி பிள்ளையை என் ஆட்டோவில் அனுப்புவதை நிறுத்தினாள், ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். பாத்திரக்கடைக்காரரும் நிறுத்தினார். அந்த மிஸ்தான் தூண்டிவிட்டிருக்கும்.

அதன் பிறகு நான் அந்தத் தெருப் பக்கம் போவதில்லை. ஆனால் பிள்ளைகள் ஸ்டாண்டைத் தாண்டித்தானே பள்ளிக்கூடத்துக்கு நடக்கணும். பார்க்கக் கூடாது என்றுதான் நினைப்பேன். போன மாதம் பார்த்தேன். அந்த மிஸ் முன்னால் போகிறது, பின்னால் இவர்கள் ரெண்டு பேர். இசக்கியும் தன்யஸ்ரீயும். இசக்கி கழுத்தில் மாட்டுகிற தண்ணீர்ப் பாட்டில் இருக்கிறதே, அதன் நாடாவில் ஒரு நுனி இவள் கையில், ஒரு நுனி அவள் கையில். நடுவில் பாட்டில் ஆடிக்கொண்டு போகிறது. கை கோத்துக்கொள்ளவில்லை. விரல் படாமல் அவ்வளவு கவனமாகப் பிடித்திருக்கிறது அந்தத் தன்யஸ்ரீ. என்னமோ பேசிக்கொண்டும் போகிறார்கள். இசக்கி சிரிக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டு வந்தாள்.

இதைச் சேர்த்தி, சிநேகம் என்று கணக்கு வைக்க முடியுமா சார்? தொடாத சேர்த்தி. நான் நினைத்தது சரியாகத்தான் போச்சு, அவள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. மானஸ்தி.

என்னைத் தாண்டும்போது வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள். அப்புறம் நாடாவை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கண்ணாடியைக் கேட்டீங்களே. ஆள் இல்லாமல் வண்டி ஓட்டும்போது பாருங்க, பின்சீட்டில் பைக்கு மேலே ரெண்டு விரல் நீட்டிக்கொண்டு இருக்கும். மேடு பள்ளத்தில் ஆடும். மடங்காது. முதலில் வெயில் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கண்ணாடியில் இருக்கும். யார் தொட்டு அதை முடிப்பது? நடு ஆள் தொட்டால் செல்லாது சார். அதனால்தான் கூரைப் பக்கம் திருப்பினேன். இப்போது தொந்தரவில்லை. ஒரு பிள்ளை அந்தப் பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அதுவும் சரியாகப் போய்விடும். அதனால்தான் கேட்கிறேன், உங்க மகளை விடுங்க. பேர் என்ன சொன்னீங்க? இல்லை, பேர் நீங்க சொல்லவே இல்லை.

இதோ, மதுரை வண்டியும் போய்விட்டது. கேட் ஏறுகிறது. உட்காருங்க, கிளப்புகிறேன். பையை எதற்கு எடுக்கிறீங்க? ஸ்டேஷன் ரோடு இன்னும் தூரம் இருக்கிறது. நடந்துவிடுவீங்களா? மழை வரும்போல இருக்கே சார்.

சரி, உங்க இஷ்டம். பின்னால் ஹாரன் அடிக்கிறான், ஒரு நிமிஷம் பொறு அப்பா. சார், அந்த கிளாஸைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்க. இல்லை, இருக்கட்டும், கொடுக்க வேண்டாம். ஆறிப்போச்சு, ஆனாலும் இருக்கட்டும். டீக்கடைக்காரன் ஏதோ சொல்லி அனுப்பினானே. அதை இப்போது சொல்லலாம். கேட்டுவைப்போமே என்றுதான். வேறொன்றுமில்லை.

அவன் ஒன்றும் சொல்லவில்லையா?

அப்போதே சொல்ல வாயைத் திறந்தீங்களே சார்.